யார் போகச் சொன்னது?

மழைக்காலம் வந்துவிட்டால் நாளிதழ்களில் ஒரே வகையான செய்தி ஒன்று மீண்டும் மீண்டும் வருகின்றது. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் இளைஞர் சிலர் மலையருவிக்குச் செல்கின்றனர். காட்டாற்றில் வெள்ளம் பெருகுகின்றது. பாறையொன்றில் ஒண்டிக்கொண்டு அபயக்குரல் எழுப்புகின்றனர். தீயணைப்புப் படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் போராடிக் கயிறு கட்டி அவர்களை மீட்கின்றனர். செய்தியை வாசித்து முடிக்குமுன்னரே நம் வாயில் ஒரு கேள்வி பிறந்துவிடுகின்றது: “இவர்களை யார் போகச் சொன்னது?” தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கேட்கும் இக்கேள்வியைச் சில வேளைகளில் துக்க வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கின்றோம். உள்ளே தாய் கதறிக்கொண்டிருக்க, வெளியே நாற்காலிகளில் அமர்ந்தவாறு இதனைத் தாழ்ந்த குரலில் பரிமாறிக்கொள்கின்றோம்.

இக்கேள்வி முற்றிலும் பொய்யானதன்று. அதனுள் ஒரு நியாயம் உண்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கும் வீட்டில் மனைவியும் மக்களும் உண்டு. பிறருடைய பொழுதுபோக்கிற்காக அவன் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? ஆனால் அதே கேள்வியினுள் ஒரு கடுமையும் ஒளிந்திருக்கின்றது. ‘தானாகத் தேடிக்கொண்டவனுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர்’ என்று நம் மனம் சொல்லிக்கொள்ளும் கடுமை அது. எனவே, கேள்வி சரியா தவறா என்று ஆராய்வதைவிட, அதனை யார், யாரிடம், எப்பொழுது கேட்பது முறை என்று ஆராய்வதே பயனுடையதாகும். அதற்கு ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு துயரத்தைத் துணையாகக் கொள்வோம். இக்கேள்வியின் எல்லாப் பக்கங்களும் ஒரு பத்து நாள் எல்லைக்குள் அங்கே வெளிப்பட்டன.

1956ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் காலம். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்தில் பனிமுடி தரித்து நிற்கும் மோன் பிளாங் மலையை நோக்கி இரண்டு இளைஞர்கள் புறப்பட்டனர். பாரிசைச் சேர்ந்த ழான் வின்சென்டனுக்கு வயது 24; பிரசெல்சைச் சேர்ந்த பிரான்சுவா ஹென்றிக்கு வயது 22. பிரென்வா என்று அழைக்கப்படும் செங்குத்தான பனிமுகட்டின் வழியாக உச்சியை அடைவது அவர்கள் நோக்கம். கோடையிலேயே தேர்ந்தவர்கள் மட்டும் செல்லும் அவ்வழியை அவர்கள் கடுங்குளிர்காலத்தில் தெரிந்துகொண்டனர். டிசம்பர் 22ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் ஷாமொனி ஊரை விட்டுக் கிளம்பினர்.

மலைமேல் இருந்த சிறு குடில் ஒன்றில், புகழ்பெற்ற இத்தாலிய மலையேற்ற வீரர் வால்டர் பொனாட்டியையும் அவர் தோழர் சில்வானோ கேசரையும் அவர்கள் சந்தித்தனர். டிசம்பர் 25ஆம் நாள் இரு குழுவினரும் தத்தம் வழியே ஏறத் தொடங்கினர். புறப்படும்போது வானம் நம்பிக்கை அளித்தது. ஆனால் ஏற்றத்தின் நடுவே புயல் சூழ்ந்தது. வெட்டவெளியில், பனிச்சுவரின் நடுவே, அவர்கள் இரவைக் கழிக்க நேர்ந்தது. மறுநாள் நால்வரும் ஒருவாறு முகட்டின் மேலே வந்து சேர்ந்தனர். பொனாட்டியும் கேசரும் உச்சியைக் கடந்து ‘வலோ’ என்னும் குடிலை அடைந்து, பின்னர் இத்தாலியப் பக்கம் இறங்கி உயிர் தப்பினர். கேசரின் உறுப்புகள் கடுங்குளிரால் சேதமுற்றன. களைத்துப்போன மற்ற இருவரும் அவர்களைப் பின்தொடர இயலாமல் ஷாமொனிப் பக்கமாக இறங்க முயன்றனர்; ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பனிப்பிளவுகள் நிறைந்த பெருவெளியில் சிக்கிக்கொண்டனர்.

ஷாமொனி ஊரில் தொலைநோக்கிகள் உண்டு. அவற்றின் வழியே, மேலே பனியில் இரண்டு கரும்புள்ளிகள் அசைவதை ஊரே பார்த்தது. செய்தியாளர்கள் திரண்டனர். ஆனால் மேலே செல்வது யார்? அக்காலத்தில் மலைமீட்புப் பணி தன்னார்வலர்களின் கையில் இருந்தது. புதுப்பனி பெய்து, பனிச்சரிவு எந்நேரமும் நிகழலாம் என்ற நிலையில், கால்நடையாக ஆள்களை அனுப்புவது மேலும் சிலரைக் கொல்வதாகும் என்று பொறுப்பிலிருந்தோர் கருதினர். குளிர்காலத்தில் இப்படியொரு வழியில் தாமாகவே ஏறியவர்களுக்காகக் குடும்பத்தலைவர்களை அனுப்பலாமா என்ற கேள்வியும் எழுந்தது. “யார் போகச் சொன்னது?” என்ற நம் திண்ணைக் கேள்விதான் அங்கே பிரெஞ்சு மொழியில் கேட்கப்பட்டது. நாள்கள் கழிந்தன. இராணுவம் ஹெலிகாப்டரில் உணவும் போர்வையும் கொண்டுபோய் மேலிருந்து போட்டது.

லியோனல் தெரே என்ற வழிகாட்டியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. 1950இல் இமயத்தின் அன்னபூர்ணா சிகரத்திலிருந்து உறுப்புகள் உறைந்த நிலையில் இறங்கிவந்த தோழர்களைக் கீழே கொண்டுவர உழைத்தவர் அவர். சில தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டு நடந்தே மலையேறினார். அவராலும் சென்றடைய முடியாமல் திரும்ப நேர்ந்தது.

டிசம்பர் 31ஆம் நாள், பெரிய ஹெலிகாப்டர் ஒன்று இரண்டு விமானிகளோடும் இரண்டு மலை வழிகாட்டிகளோடும் அவ்விளைஞர்களின் அருகே இறங்க முயன்றது. சுழலும் இறக்கைகள் கிளப்பிய பனித்தூள் விமானியின் கண்ணை மறைத்தது. ஹெலிகாப்டர் பனியில் விழுந்து நொறுங்கியது. மீட்க வந்த நால்வரும் இப்பொழுது மீட்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். கைகால்கள் உறைந்து நடக்க இயலாதிருந்த இரு இளைஞர்களையும் உடைந்த ஹெலிகாப்டருக்குள் கிடத்திவிட்டு, திரும்பி வருவோம் என்ற எண்ணத்தோடு, அந்நால்வரும் வலோ குடிலை நோக்கிப் போராடிச் சென்றனர். விமானிகளுள் ஒருவர் குளிரால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார். 1957 சனவரி 3ஆம் நாள் வானம் தெளிந்தபொழுது, சிறிய ஹெலிகாப்டர்கள் குடிலிலிருந்த மீட்பர்களைக் கீழே கொண்டுவந்தன. உடைந்த ஹெலிகாப்டரில் கிடந்த இருவரையும் மீட்கும் முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. அவர்தம் உடல்கள் மார்ச் மாதத்தில்தான் கீழே கொண்டுவரப்பட்டன.

நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாக, 1958இல் பிரெஞ்சு அரசு மலைமீட்புப் பணியைத் தன் பொறுப்பில் எடுத்து ஒழுங்குபடுத்தியது. பயிற்சி பெற்ற படையினர் இன்றும் அம்மலைகளில் அப்பணியைச் செய்துவருகின்றனர்.

இந்நிகழ்ச்சியை வாசிக்கும்போது நம் நெஞ்சு ஒரே நேரத்தில் இரு பக்கமும் இழுக்கப்படுவதை உணர்கின்றோம். இளைஞர்களின்மீது சினம் வருகின்றது; அவர்களை விட்டுவிட்டவர்கள்மீதும் சினம் வருகின்றது. இரண்டு சினங்களையும் சற்று ஒதுக்கிவைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவதாக, ஆபத்துள்ள இடத்திற்கு மனமுவந்து செல்வதே பாவமா? திருச்சபை அவ்வாறு கூறியதில்லை. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இளங்குருவாக இருந்த காலத்தில் தேர்ந்த மலையேறுநராக விளங்கினார். 1889ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மற்றொரு குருவோடும் இரு வழிகாட்டிகளோடும் மோந்தே ரோசா மலையின் கிழக்குமுகத்தில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே, உட்கார இடமின்றிப் பாறை விளிம்பில் நின்றவாறே ஓர் இரவைக் கழித்தார். அவரே 1923இல், ஆல்ப்ஸ் மலையின் பனிக்கணவாயில் வழிப்போக்கருக்கு இல்லம் அமைத்த மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அப்பொழுது எழுதிய மடலில், கண்மூடித்தனமான துணிச்சல் விலக்கப்படுமானால் மலையேற்றம் உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் பயப்பது என்ற கருத்தை வெளியிட்டார். மலைகளை நேசித்த இளைஞர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டதையும் நாம் அறிவோம். உயரங்கள் மனிதனைக் கடவுளின் பெருமைக்குமுன் நிறுத்துகின்றன. தன் எல்லைகளைத் தொட்டுப் பார்க்கும் ஆவலும் கடவுள் தந்ததே.

இங்கே நேர்மையாக ஒரு கேள்வி எழும். அந்த 1889ஆம் ஆண்டு இரவில் புயல் வீசியிருந்தால்? இளங்குரு இராத்தி பாறையிலிருந்து விழுந்து மடிந்திருந்தால், “ஒரு குருவுக்கு இது தேவையா? யார் போகச் சொன்னது?” என்றுதானே ஊர் பேசியிருக்கும்! ஆகவே, முடிவை வைத்துக்கொண்டு செயலின் அறத்தை அளப்பது தவறு. உயிரோடு திரும்பியவனை வீரன் என்றும், திரும்பாதவனை மூடன் என்றும் அழைப்பது உலகின் வழக்கம். நம் அறநெறி இறையியலோ, செயலின் பொருள், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்கின்றது. இராத்தி அடிகளார் அனுபவமிக்க வழிகாட்டிகளோடு, கோடைப் பருவத்தில் சென்றார். வின்சென்டனும் ஹென்றியும் ஆற்றலில் குறைந்தவர்கள் அல்லர். பருவம் என்னும் சூழ்நிலையே வேறாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். பருவம் தெரியாமல் அடியெடுத்து வைக்காதே என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

துணிவு என்பது அச்சமின்மை அன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும் அறிவின்பாற்பட்டதே என்பது வள்ளுவருக்கும் உடன்பாடு. புனித தோமா அக்குவினா, மிதமிஞ்சிய துணிச்சலைத் துணிவு என்னும் நற்பண்பிற்கு எதிரான குறையாகவே கணக்கிடுகின்றார். எண்ணிப் பாராமல் பாய்ந்து செயல்படுவதை முன்மதிக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக வைக்கின்றார். முன்மதி இல்லாத இடத்தில் துணிவு தன் பெயருக்கு உரியதாக இராது.

முன்மதியோடு கணக்குப் போடுகிறவர்கள்கூட ஒரு பொருளைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். உணவு எவ்வளவு, கயிறு எவ்வளவு, உடல் வலிமை எவ்வளவு என்று எண்ணுவார்கள். “எனக்கு ஆபத்து நேர்ந்தால் நான் சாவேன், அவ்வளவுதானே, என் உயிர், என் விருப்பம்” என்று முடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவன் தனியாக விழுவதில்லை. அவன் விழுந்த இடத்திற்கு வேறொருவன் இறங்கி வரவேண்டும். வின்சென்டனும் ஹென்றியும் ஷாமொனியை விட்டுக் கிளம்பிய நாளில், பெயர்கூடத் தெரியாத ஒரு விமானியைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். ஒன்பது நாள்களுக்குப் பின் அவர் அவர்களுக்காகப் பனியில் விழுந்துகிடந்தார். “என் உயிர்” என்ற கணக்கில் அவருடைய உயிரும் சேர்ந்திருந்தது. அதனை எழுத மறந்துவிட்டனர்.

1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஐந்தாம் கட்டளையை விளக்குமிடத்தில், குடிவெறியாலோ வேகத்தின்மீதுள்ள மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்று கற்பிக்கின்றது. தன் உயிரும் பிறர் உயிரும் அங்கே ஒருசேரச் சொல்லப்படுகின்றன. கொலை செய்யாதே என்ற கட்டளை கத்தியை எடுப்பவனுக்கு மட்டும் உரியதன்று; புயல் எச்சரிக்கையைக் கேட்டும் படகை அவிழ்ப்பவனுக்கும் உரியது.

நம் ஆண்டவர் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர்வோம். ஆலயத்தின் உயர்ந்த முகட்டில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொன்னான் அலகை. தூதர்கள் வந்து தாங்குவார்கள் என்று திருமறைச் சொல்லையே காட்டினான். ஆண்டவரோ மறுத்துவிட்டார். கடவுளின் பாதுகாப்பில் அவருக்கு ஐயம் இல்லை. அப்பாதுகாப்பை வலிந்து வரவழைக்க அவர் விரும்பவில்லை. நம் கையில் இன்று அலைபேசி இருக்கின்றது; அழைத்தால் ஹெலிகாப்டர் வரும் என்ற எண்ணமும் இருக்கின்றது. அந்த எண்ணமே சிலரை இன்னும் ஓர் அடி முன்னே வைக்கத் தூண்டுகின்றது. மன்னிப்புக் கிடைக்கும் என்ற துணிவில் பாவம் செய்வதை நம்பிக்கைக்கு எதிரான குற்றம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கின்றோம். மீட்பு வரும் என்ற துணிவில் ஆபத்தில் இறங்குவது அதன் உடன்பிறப்பு. தாங்க வருபவர்கள் வானதூதர்கள் அல்லர். அவர்களுக்குச் சிறகுகள் இல்லை. அவர்களுடைய ஹெலிகாப்டர்கள் விழும். அவர்களுடைய விரல்கள் உறையும்.

இவ்வளவும் புறப்படுபவனுக்கு. மீட்கச் செல்பவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை கள்வர்க்குப் பேர்போனது. அவ்வழியே தனியாகச் சென்றவன் அடிபட்டுக் கிடந்தான். குருவும் லேவியரும் விலகிச் சென்றபோது என்ன எண்ணினார்கள் என்று நற்செய்தி கூறவில்லை. “இவ்வழியில் தனியாக யார் வரச் சொன்னது?” என்றும் எண்ணியிருக்கலாம். சமாரியர் அக்கேள்வியைக் கேட்கவில்லை. அவர் காயங்களைப் பார்த்தார், கட்டினார், தூக்கினார். விடுதிக்காரரிடம் செலவுக் கணக்குப் பேசியபோதுகூட அடிபட்டவனின் குற்றக்கணக்கைப் பேசவில்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் தேவை ஒன்றே உரிமையாகின்றது. தகுதியைப் பார்த்துத்தான் மீட்க வேண்டுமென்றால், குடித்துவிட்டு வண்டியோட்டியவனுக்கு மருத்துவரும், புகைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவனுக்குச் செவிலியும் தேவையில்லை என்றாகிவிடும். ஒப்புரவு அருட்சாதனத்தின் இருக்கையில் அமரும் நம்மைப் போன்றவர்களுக்கும் அங்கே வேலை இராது.

அப்படியாயின், ஷாமொனியில் ஆள் அனுப்ப மறுத்தவர்கள் பாவிகளா? இங்கே அவசரப்படலாகாது. அன்பின் வரிசைமுறையைப் பற்றிப் பேசும் புனித தோமா, பிறருடைய உடலைக் காக்கத் தன் உடலை ஆபத்திற்கு உட்படுத்துவது, அப்பொறுப்பை ஏற்றவருக்கன்றி, எல்லாருக்கும் கட்டாயக் கடமை ஆகாது என்கின்றார். ஒருவர் தாமே மனமுவந்து அதற்கு முன்வந்தால் அது அன்பின் நிறைவைச் சேர்ந்தது என்றும் கூறுகின்றார். இந்த வேறுபாடு மிகவும் ஆறுதலானது. தெரே மலையேறியபோது செய்தது அன்பின் நிறைவு. பனிச்சரிவுக்கு அஞ்சித் தம் ஆள்களைத் தடுத்த தலைவர், அந்த அச்சம் உண்மையானதாக இருந்தவரை, அன்புக்கு எதிராகச் செய்யவில்லை. இரண்டு உயிர் போகுமிடத்தில் ஆறு உயிர் போக விடாமல் தடுப்பதும் ஒரு பொறுப்பே. ஹெலிகாப்டர் விழுந்தது அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று என்று காட்டியது.

எனினும், “எங்களால் இயலாது” என்று சொல்லி நிற்பது வேறு. “அவர்களுக்கு நன்றாக வேண்டும்” என்று சொல்லி நிற்பது வேறு. முன்னது துயரம், பின்னது தீர்ப்பு. முன்னதைச் சொல்பவன் இயலும் வழி ஒன்று திறந்தவுடன் ஓடுவான். பின்னதைச் சொல்பவன் வழி திறந்ததையும் கவனிக்க மாட்டான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்: இரண்டு பேரும் கைகட்டி நிற்கின்றனர். உள்ளே எது இருக்கின்றது என்பதை அவரவர் மனச்சான்றே அறியும். சில வேளைகளில் அதற்கும் தெரியாது. ஷாமொனியில் இரண்டும் கலந்திருந்தன என்றே நமக்குத் தோன்றுகின்றது. பனிச்சரிவைப் பற்றிய நேர்மையான அச்சமும், விளையாட்டாக ஏறிய அயலூரார்மீதான எரிச்சலும் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டன. குற்றம் யாருடையது என்ற வாதம் அதற்குரிய காலத்திற்குமுன் தொடங்கிவிட்டது. வாதத்திற்குப் பின்னால் ஆயிரம் நாள்கள் உண்டு. பனியில் கிடப்பவனுக்கு நாள்கள் எண்ணப்பட்டவை.

திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தை வாசகர்கள் ஓய்வாக ஒருமுறை வாசிக்க வேண்டுகின்றோம். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புனித பவுல், கடற்பயணத்திற்கான பருவம் முடிந்துவிட்டதால் கிரேத்துத் தீவின் துறைமுகத்திலேயே தங்குமாறு எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பல் தலைவரையும் உரிமையாளரையும் நம்பினார். தெற்கிலிருந்து இளங்காற்று வீசியது. எண்ணியது கைகூடும் என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். சற்று நேரத்தில் வடகிழக்கிலிருந்து பெருங்காற்றுச் சீறி வந்தது. பதினான்கு நாள்கள் கதிரவனையும் விண்மீன்களையும் காணாமல் அலைந்தனர். கப்பலில் 276 பேர். முடிவு செய்தவர்கள் சிலர், அலைக்கழிந்தவர்கள் அனைவரும்.

பவுல் அப்போது என்ன செய்தார்? தம் எச்சரிக்கையை ஒருமுறை நினைவூட்டினார். அவரும் மனிதர்தாமே! ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அதை முடித்துக்கொண்டார். உடனே, யாரும் சாகமாட்டீர்கள் என்று தேற்றினார். மாலுமிகள் சிறு படகில் தப்பியோட முயன்றபோது, அவர்கள் கப்பலில் இருந்தால்தான் எல்லாரும் பிழைப்பார்கள் என்று எடுத்துரைத்தார். விடியும் நேரத்தில் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் நன்றி செலுத்தி, பிட்டு உண்டு, மற்றவர்களையும் உண்ணச் செய்தார். புறப்படுமுன் வேண்டாம் என்றவர், புயலின் நடுவே அவர்களோடு ஒருவராக நின்றார். அனைவரும் கரை சேர்ந்தனர். எச்சரிப்பதற்கு ஒரு நேரம், அப்பம் பிடுவதற்கு ஒரு நேரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறொன்றை நாம் அறியோம்.

பனிமலை நமக்குத் தொலைவானதுதான். ஆனால் 2018 மார்ச் 11ஆம் நாளைத் தமிழகம் மறந்திராது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், புல் காய்ந்து கிடந்த கோடைத் தொடக்கத்தில், மலையேற்றம் சென்றவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் உயிரிழந்தனர். அவ்விடத்தை முதலில் அடைந்தவர்களுள் அப்பகுதி மலைவாழ் மக்களும் இருந்தனர். அனுமதி பற்றியும் வழிகாட்டி பற்றியும் பருவம் பற்றியும் பிற்பாடு எத்தனையோ கேள்விகள் எழுந்தன, எழவேண்டியவையே. காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றத்தை நிறுத்திவைக்கும் விதிமுறைகளும் வந்தன. ஆனால் எரியும் சரிவில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்த கைகள் அக்கேள்விகளுக்கு விடை கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஆகவே நம் பங்குகளின் இளையோரிடமும், அவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வோரிடமும் நாம் வேண்டுவது சிலவே. மலைக்கோ கடலுக்கோ அருவிக்கோ செல்லுங்கள். அவை கடவுளின் படைப்புகள். செல்லுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். அவ்விடத்து மக்கள் வேண்டாம் என்றால், அதனை அவ்விடத்தின் குரலாகவே கொள்ளுங்கள். எங்கே செல்கிறீர்கள், எப்பொழுது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிச் செல்லுங்கள். பாதிவழியில் வானம் கறுத்தால் திரும்புங்கள். திரும்புவதில் இழிவு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு கேள்வியை உங்களிடம் நீங்களே கேளுங்கள்: “நான் திரும்பி வராவிட்டால் என்னைத் தேடி யார் வருவார்? அவர் திரும்பி வருவாரா?” அந்த ஆளின் முகத்தைக் கற்பனையிலாவது ஒருமுறை பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

துக்க வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் நமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “யார் போகச் சொன்னது?” என்ற கேள்விக்குரியவன் உள்ளே மௌனமாகக் கிடக்கின்றான். அவனிடம் இனிக் கேட்க இயலாது. அதனைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவனுடைய தாய். போக வேண்டாம் என்று இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாமே என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கின்றாள். நாம் வேறு கேட்க வேண்டியதில்லை. பிழைத்து வந்தவனிடமும் அன்றே கேட்க வேண்டியதில்லை. பொனாட்டியைக்கூட, மற்ற இருவரையும் விட்டுவந்தாரே என்று குறைகூறியவர்கள் உண்டு. தோழனைக் காப்பாற்றி வந்தவருக்கு அச்சொல் எவ்வளவு சுமையாயிருந்திருக்கும்! காயம் ஆறியபின், நண்பனாக, தனியே, நாளைய பயணத்திற்காக, அக்கேள்வியைக் கேட்கலாம். அப்போது அது கல்லாக விழாது.

காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயரைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையைச் சிறுவயதிலிருந்தே கேட்டுவருகின்றோம். அந்த ஆடு ஏன் மந்தையை விட்டுச் சென்றது என்று உவமையில் ஒரு சொல்லும் இல்லை. ஆயர் அதனைக் கண்டுபிடித்ததும் மகிழ்ந்து தோள்மேல் போட்டுக்கொண்டார். தேடிச் சென்றதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதை நாம் சிலுவையில் பார்க்கின்றோம். அவ்விலையை எண்ணும் ஆடு, அடுத்த முறை பள்ளத்தின் விளிம்புக்குச் செல்லத் தயங்கும். அவ்விலையை எண்ணும் மனிதன், பள்ளத்தில் கிடக்கும் வேறோர் ஆட்டிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான்.